சேட்டுக் கழட்டாதோர் சங்கம்

அரசாங்கத்தை எதிர்ப்பது என்ற முடிவை நான் குளியலறைக்குள் வைத்துத்தான் எடுத்தேன். பைப்பைத் திறந்துவிட்டு எடுத்தேன். தொண்ணூற்றேழாம் ஆண்டு கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தமிழன் அரசாங்கத்தை எதிர்க்க அதைவிடப் பாதுகாப்பான இடம் கிடையாது. மனதுக்குள் முடிவெடுக்க எதற்கு பைப் என்று கேட்பீர்கள். யோசிக்கும்போது எனக்கு வாய் அசையும்.

விஷயம் இதுதான். நான் கிளாக்காக எழுத்துவேலை பார்க்கிற அரசாங்கத் திணைக்களத்தில் புதிதாக ஒரு மருத்துவக் காப்புறுதித் திட்டம் கொண்டுவந்திருந்தார்கள். விரும்பினால் சேரலாம் என்றால் பேசாமல் இருந்திருப்பேன். எல்லாரும் கட்டாயம் சேர வேண்டுமாம். சம்பளத்தில் வெட்டுவார்களாம். அதற்கு முதல் ஒரு டொக்டர் சேட்டைக் கழட்டச் சொல்லி, வெறும் மேலோடு வைத்துச் சோதிப்பாராம்.

"இஞ்சேருங்கோ, உள்ளுக்க ஆரோட கதைக்கிறியள்?" வெளியிலிருந்து என் மனைவி பாலேஸ்வரி கேட்டாள்.

"ஒருத்தரோடயும் இல்லை. நான் இந்த இன்சூரன்ஸை எதிர்க்கப்போறன்."

"முதல்ல பைப்பைப் பூட்டுங்கோ. பிறகு எதிர்க்கலாம்."

பூட்டிவிட்டு வந்தேன். அவள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு, குரலை இறக்கி, விளங்கப்படுத்தினேன்.

"உமக்கு இதிலை இருக்கிற ஆபத்து விளங்கேல்லை. எந்த லேனில இருக்கிறம், எத்தினையாம் மாடி, வீட்டில ஆர் ஆர், எல்லாம் எழுதிக் குடுக்கவேணும். எண்பத்துமூண்டு கலவரத்தில கையில லிஸ்ட் வைச்சுக்கொண்டுதானே வீடு வீடா வந்தவங்கள்."

"அது வோட்டர் லிஸ்ட். இது சலரோகக்காரற்ற லிஸ்ட். சீனி கூடினவனைத் தேடி ஆர் வரப்போறான்?"

"லிஸ்ட் எண்டா லிஸ்ட்தான்."

"எங்கட பேர் பொலிஸில பதிஞ்சு கிடக்கு. கடைக்காரனுக்குத் தெரியும், கீழ் வீட்டுக்குத் தெரியும், செக்பொயின்ட் பெடியனுக்கு நீங்கள் எத்தினை மணிக்கு வாறனீங்கள் எண்டுகூடத் தெரியும். உங்கட நெஞ்சுக்குள்ள என்ன இருக்கெண்டு மட்டும்தான் ஒருத்தருக்கும் தெரியாது."

அவள் அப்படிச் சொன்னதும் எனக்குத் திக்கென்றது. ஏனென்றால் என் நெஞ்சுக்குள் ஒரு விஷயம் இருக்கத்தான் செய்தது.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். தைப்பொங்கலுக்குப் பிறகு எங்கள் மூன்றாம் மாடிக்குப் படியேறினால் இடப்பக்கத்தில் ஒரு பிடி பிடிக்கும். இரண்டாம் மாடியில் மஹ்ரூப் வீடு. அவரும் எங்கள் திணைக்களம்தான். பின்னேரத்தில் அவர் கதவைத் திறந்துபோட்டுக் காற்று வாங்குவார். நான் அங்கே நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, கிரிக்கெட் ஸ்கோர் கேட்பேன். பிடி விட்டதும் மிச்சப் படி ஏறுவேன். வீட்டில் மூச்சுவிடவில்லை. டொக்டரிடம் போவதற்குப் பயம். என் அப்பா டொக்டரிடம் போகும்வரைக்கும் கல்லுமாதிரி இருந்தவர்.

ஆகவே சங்கம் தொடங்கினேன். திணைக்களத்துத் தமிழ்பேசும் ஆட்கள், என்னோடு ஒன்பது பேர், சேர்ந்தோம். நான் தலைவர். செயலாளர் நமசிவாயம். அவருடைய தம்பியைப் போன வருசம் கொட்டாஞ்சேனை லொட்ஜில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள், இன்னும் வரவில்லை. அன்றிலிருந்து நமசிவாயம் எங்கே போனாலும், தன்னையும் பிடித்தால் உதவும் என்று, ஒரு பையில் சாரமும் பற்தூரிகையும் கொண்டுபோவார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கும் ஒரு பை கட்டவேண்டும் போலிருக்கும், ஆனால் செயலாளருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

அடுத்த பிரச்சினை கூட்டம். ஒன்பது ஆம்பிளைகள் ஒரு தமிழ் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தால் பொலிஸ் சும்மா இருக்குமா? வெள்ளவத்தையில் நாலு பேர் கூடினாலே ஒரு சாட்டு வேண்டும். பிறந்தநாள் என்றால் வீட்டில் பிள்ளை இல்லை. சாமத்தியவீடு என்றால் அதற்கும் பெரியபிள்ளையான ஒரு பெண்பிள்ளை வேண்டும். திவசம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அந்த நேரம் நெஞ்சு பிடித்தது.

பாலேஸ்வரிதான் வழி சொன்னாள்.

"மெடிக்கல் காம்ப் எண்டு சொல்லுங்கோவன். இலவசமா பிரஷர் பாக்கிற காம்ப். பொலிஸில நானே போய்ச் சொல்லிப்போட்டு வாறன். ஆருக்குச் சந்தேகம் வரும்?"

"டொக்டர்?"

"மஹ்ரூப் நானாவின்ர மருமகள் றஸ்மியா இருக்கிறாவெல்லே. சும்மா சாட்டுக்கு வந்து ஒரு மூலையில இருக்கட்டும்."

"சாட்டுக்குத்தான்?"

"பின்ன என்ன, உங்களைப் பிடிச்சுச் சோதிக்கவே?"

மருத்துவத் திட்டத்தை எதிர்க்கிற கூட்டத்தை மருத்துவ முகாமுக்குள் ஒளிப்பது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கே உறுப்பினர்களிடம் இது என் யோசனை என்று சொன்னேன். நீங்கள் பெரிய மூளைசாலி என்றார் நமசிவாயம். நான் மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். டொக்டர் றஸ்மியா மூலையில் ஒரு மேசைபோட்டுப் பிரஷர் பார்க்கிற சாமானை வைத்தார். பக்கத்தில் ஒரு பெட்டி. அது என்ன என்று கேட்டேன்.

"சும்மா, காம்ப் மாதிரித் தெரியத்தானே வேணும், அங்கிள்," என்றார்.

நான் எழும்பி நின்றேன். "நண்பர்களே," என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க, சிறி," என்றார் மஹ்ரூப்.

"சத்தமாச் சொல்ல ஏலாது. நண்பர்களே, எங்கட உடம்பு எங்கட சொந்த விஷயம். அதுக்குள்ள கைவைக்க..."

அப்போதுதான் படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் வெள்ளவத்தையில் இருந்தவர்களுக்குத் தெரியும். முதலாம் மாடியில் நின்றால் அப்பாடா என்று இருக்கும், பிறகு முதலாம் மாடியை நினைத்து வெட்கமாகவும் இருக்கும். சத்தம் முதலாம் மாடியில் நிற்கவில்லை. இரண்டாம் மாடியிலும் நிற்கவில்லை. நமசிவாயம் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. இன்று இரவு எங்கே படுப்பேன், எந்த ஸ்டேசனில், பாலேஸ்வரி தனியாக எந்த எந்த வாசலில் போய் நிற்பாள் என்றெல்லாம் அந்தக் கொஞ்ச நேரத்தில் நினைத்துவிட்டேன். உண்மையில் அழுகை வந்தது.

கதவைத் தட்டினார்கள். பாலேஸ்வரி போய்த் திறந்தாள்.

ஒரு பொலிஸ் சார்ஜன்ட். அவருக்குப் பின்னால் துவக்குகளோடு இரண்டு ஆமிக்காரர்.

"என்ன, மாத்தையா," என்றாள் அவள்; சிங்களத்தில் அதற்கு "வாருங்கள், ஐயா" என்று அர்த்தம். மெடிக்கல் காம்ப் நடக்கிறது என்றாள்.

சார்ஜன்ட் எங்கள் ஒன்பது முகங்களையும் பார்த்தார். ஒன்பதும் நோயாளி முகங்களாகத்தான் இருந்தன. இப்போது யாரைச் சோதிக்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார்.

"இவரைத்தான்," என்று பாலேஸ்வரி என்னைக் காட்டினாள்.

"அங்கிள், சேட்டைக் கழட்டுங்க," என்றார் டொக்டர் சிரித்துக்கொண்டே.

நான் அசையவில்லை. நான் ஒரு சங்கத்தின் தலைவர், சேட்டைக் கழட்டுவதை எதிர்க்கத்தான் அந்தச் சங்கமே.

"கமிசய கலவன்ன," என்றார் சார்ஜன்ட். அதே விஷயம்தான், சிங்களத்தில். ஒரு பொத்தான் தெறித்துப் போய் நமசிவாயத்தின் காலடியில் விழுந்தது. அவ்வளவு வேகமாகக் கழட்டினேன்.

டொக்டர் குழாயை வைத்துக் கேட்டார். இன்னொருமுறை கேட்டார். அவருடைய சிரிப்பு நின்றது. பிறகு அந்தப் பெட்டியைத் திறந்து, வயர்களை இழுத்து, என் நெஞ்சில் ஒவ்வொன்றாக ஒட்டத் தொடங்கினார்.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கொழும்பு. தொண்ணூற்றேழு. வெறும் மேலோடு ஒரு தமிழன். நெஞ்சு முழுக்க வயர். வயர் போய்ச் சேருகிற இடத்தில் ஒரு பெட்டி.

ஆமிக்காரர் இரண்டு பேரும் பின்னால் போனார்கள். துவக்குகள் முன்னால் வந்தன. சார்ஜன்ட் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். நான் மூச்சு விடவில்லை, விட்டால் வயர் அசையும்.

"ஈசிஜி, ஈசிஜி," என்று டொக்டர் கத்தினார். மிச்சத்தைச் சிங்களத்தில் சொன்னார். இதயம் பார்க்கிற மெசின் என்றார். பொத்தானை அமத்தினார். பெட்டி கிர்ரென்றது. எல்லாரும் கண்ணை மூடினோம், துவக்குக்காரர் உட்பட. கடதாசி ஒன்று நீளமாக வெளியே வந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

முதலில் சிரித்தது சார்ஜன்ட்தான். வேர்வையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்துக் கதிரையில் இருந்தார். தன் பிரஷரையும் பார்க்கச் சொல்லிக் கையை நீட்டினார். அவருக்குப் பிறகு ஆமிக்காரர். அவர்களுக்குப் பிறகு, பயத்திலோ மரியாதையிலோ, என் சங்கம் முழுக்க வரிசையில் நின்றது. நமசிவாயம் பையைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டியதை அன்றைக்குத்தான் கண்டேன்.

எல்லாரும் போன பிறகு டொக்டர் என்னை இருத்திச் சொன்னார்.

"அங்கிள், நெஞ்சில அடைப்பு ஈக்கி. இன்னும் கொஞ்ச நாள் உட்டிருந்தா படியிலயே விழுந்திருப்பீங்க. ஆஸ்பத்திரியில வெச்சுப் பாக்கணும். செலவுக்கு யோசிக்காதீங்க, உங்கட திணைக்களத்துத் திட்டம் ஈக்குதே."

"நான் அதில சேரேல்லையே."

"இண்டைக்குச் சேந்துட்டீங்க. உங்கட திட்டத்துக்குச் சோதிக்கிற டொக்டர் நான்தான். ஒம்பது பேரும் முடிஞ்சிது."

நான் பாலேஸ்வரியைப் பார்த்தேன். அவள் ஈசிஜிக் கடதாசியை ஒழுங்காகச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"உமக்கு எப்ப தெரியும்?"

"நீங்கள் மஹ்ரூப் நானாவோட கிரிக்கெட் கதைக்கத் தொடங்கின அண்டைக்கே தெரியும். உங்களுக்குக் கிரிக்கெட்டில ஒரு பக்கத்துக்கு எத்தினை பேர் எண்டே தெரியாது."

"அப்ப, பொலிஸ் வந்தது?"

"காம்ப் எண்டு சொல்லப் போனன். நீங்களும் வந்து பிரஷரைப் பாருங்கோ எண்டு கூப்பிட்டுப்போட்டு வந்தன்."

"நீர் கூப்பிட்டனீரோ? துவக்கோட வந்தவங்களை? வீட்டுக்க?"

"துவக்கோட வருவாங்கள் எண்டு நான் நினைக்கேல்லை. படியில சத்தம் கேக்க எனக்கு உயிர் போட்டுது." அவள் கண் கலங்கியது. "ஆனா நான் வேற என்ன செய்யிறது? நீங்கள் செத்தா இந்த ஊரில நான் ஆரிட்டைப் போறது? டொக்டர் சொன்னா நீங்கள் சேட்டைக் கழட்டமாட்டியள். பொலிஸ் சொன்னாக் கழட்டுவியள்."

எனக்குக் கோபம் வர வேண்டும் என்று நினைத்தேன். வரவில்லை. அவள் டொக்டர் தந்துவிட்டுப்போன ஒரு குளிசையையும் தண்ணீரையும் கொண்டுவந்து நீட்டினாள். தலைவர் என்ற முறையில் கடைசியாக ஒருமுறை எதிர்ப்பைக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. சேட்டின் மிச்சப் பொத்தான்களைப் பூட்டினேன். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"குளிசை போடமாட்டன். இது என்ர உடம்பு."

"சரி, போடவேண்டாம்." அவள் குளிசையையும் கிளாசையும் மேசையில் வைத்தாள். "சார்ஜன்டுக்குப் பிரஷர் கொஞ்சம் கூடவாம். கிழமைக்கொருக்கா இஞ்ச வந்து பாக்கச் சொல்லியிருக்கிறன்."

தண்ணீர்கூட எடுக்காமல் குளிசையை விழுங்கினேன்.