பேங்க்கில் ரத்தாகாத கல்யாணம்

விவாகரத்து வாங்குவது சுலபம் என்று நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. வீட்டுக் கடனிலிருந்து ஒரு ஆளின் பெயரை எடுக்க அலைந்தவர்கள் மட்டும் நம்புவார்கள். செங்கல்பட்டு கோர்ட்டில் எங்களைப் பிரித்துவைக்க நீதிபதி அம்மா கேட்டவை மொத்தம் மூன்று கேள்விகள். நாங்கள் இரண்டு பேரும் தலையை ஆட்டினோம், முடிந்தது. அதே ஊரில் இருக்கும் பேங்க்குக்கு ஆறு மாதம் நடந்தும் எங்கள் கல்யாணத்தை முடித்துவைக்க என்னால் முடியவில்லை.

பொத்தேரியில் மூன்றாவது மாடியில் இரண்டு பெட்ரூம் வீடு. நானும் என் கணவராக இருந்த பிரபுவும் சேர்ந்து கடன் வாங்கி வாங்கியது. பிரியும்போது போட்ட ஒப்பந்தத்தில் வீடு எனக்கு, கடனும் எனக்கு என்று எழுதினோம். ஆறு மாதத்துக்குள் கடனிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட வேண்டும், எடுக்காவிட்டால் வீட்டை விற்றுவிட வேண்டும். அந்தக் கடைசி வரியைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். (சிறுசேரியில் எனக்கு சாஃப்ட்வேர் சோதனை வேலை. மற்றவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம்.)

பேங்க்கில் பிரச்சனை என் கிரெடிட் ஸ்கோர், அதாவது வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டினேனா என்று போடும் மார்க். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகச் சம்பளச் சீட்டு வாங்கியவள் நான். அதற்கு முன்பு எங்கள் தெருப் பெயரைச் சொன்னாலே ஃபைனான்ஸ்காரன் ஃபாரத்தை மடித்து உள்ளே வைத்துவிடுவான். அதனால் எனக்கு வேலை கிடைத்த நாளிலிருந்து என் பெயர் குடும்பத்தின் பொதுச் சொத்தாகிவிட்டது. அத்தை மகனுக்கு பைக், சித்திக்கு ஃபிரிட்ஜ், பெரியப்பா மகனுக்கு போன், எல்லாம் என் பான் கார்டில். யாரும் ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை. கையில் காசு இருந்த மாதம் கட்டினார்கள், இல்லாத மாதம் என்னிடம் சொல்லக்கூட வெட்கப்பட்டார்கள். நான் மட்டும் ரொம்பப் பெருமைப்பட்டுக்கொண்டேன். கல்யாண வீடுகளில் என்னைச் சாப்பிடச் சொல்லி இரண்டு தடவை கூப்பிடுவார்களே, அதற்காக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வசூல்காரர் வந்து கதவைத் தட்டினார், பிரபு திறந்தார். அன்றைக்கு அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "மொத்தம் எத்தனை லோன்?"

ஏழு என்றேன். உண்மையில் பதினொன்று. மீதி நான்கையும் அவரே ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு ஒரு வருடம் ஒரே வீட்டில் பேசாமல் இருந்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போனோம். தப்பு என்னுடையது என்பது தெரியும். அது தெரிந்ததால்தான் அவர்மேல் அவ்வளவு ஆத்திரம் வந்தது.

பேங்க்கில் லோன் ஆபீசர் என்னைவிட வயது குறைந்த பெண். என் சம்பளமும் என் ஸ்கோரும் சேர்ந்து இந்தக் கடனைத் தாங்காது என்று நாசூக்காகச் சொன்னார். பிரபு வெளியே போக வேண்டுமானால் அந்த இடத்தில் வேறொருவர் உள்ளே வர வேண்டும், அவர் நெருங்கிய உறவாக இருக்க வேண்டும், மாதச் சம்பளம் பேங்க்கில் விழ வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி ஒரே ஆள் தம்பி தினேஷ். சிறுசேரி கம்பெனி ஒன்றுக்கு ஊழியர் வேன் ஓட்டுகிறான்.

அவனுடைய விவரத்தைத் தட்டிப் பார்த்தார். மைனஸ் ஒன்று என்று வந்தது. வாழ்நாளில் அவன் பெயரில் கடனே கிடையாது என்று அதற்கு அர்த்தம். எப்படி இருக்கும்? அவன் வாங்கியதெல்லாம் என் பெயரில்தானே.

"சின்னதா ஏதாவது ஒரு கடன் எடுத்து ஆறு மாசம் ஒழுங்கா கட்டச் சொல்லுங்க, ஸ்கோர் வந்துடும்" என்றார் ஆபீசர்.

"அவ்ளோதானா? நான் பாத்துக்கறேன்க்கா. உன் வூடு எங்கியும் போவாது" என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தினேஷ்.

அந்த வாரமே ஒரு வாஷிங் மெஷின் வாங்கி என் வீட்டு பால்கனியில் கொண்டுவந்து இறக்கினான். தம்பி கடன் போட்டு எனக்கு வாஷிங் மெஷின் வாங்கித் தந்தான் என்று ஆபீஸ் முழுக்கச் சொன்னேன். இத்தனை வருடம் நான் செய்ததற்கு ஒரு பலன் வந்துவிட்டதாக நினைத்துக் கொஞ்சம் அழக்கூடச் செய்தேன். அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவன் தவணை ஒரு நாள் தவறவில்லை. நான் நினைவுபடுத்த போன் செய்தால், "கட்டிகினுதான்கா கீறேன்" என்று கோபித்துக்கொள்வான்.

ஒப்பந்தக் கெடு முடிய எட்டு நாள் இருந்தபோது பேங்க்கில் எல்லோரையும் வரச் சொன்னார்கள். தினேஷ் அன்றைக்கு வேனை எடுத்துக்கொண்டு, அம்மா, சித்தி, இரண்டு பெரிய பாத்திரம் பிரியாணி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். பிரபு பெயரை எடுத்த கையோடு நேராக மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்ச் சாப்பிடுவது என்று திட்டம். உள்ளே நான், தினேஷ், பிரபு மூன்று பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். பிரபு சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். எங்கள் கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு நேரத்தோடு வந்ததில்லை.

ஆபீசர் முதலில் பிரபுவின் ரிப்போர்ட்டைத் திறந்தார். முகம் மலர்ந்தது.

"சார் ஸ்கோர் ரொம்ப நல்லா இருக்கே. இவரை எதுக்கு மேடம் எடுக்கறீங்க?"

"எங்களுக்கு டைவர்ஸ் ஆயிடுச்சு."

"அது தெரியும் மேடம். லோன் விஷயமா கேட்டேன்."

அடுத்து தினேஷின் ரிப்போர்ட் வந்தது. ஆபீசர் புருவத்தைச் சுருக்கி, இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார். "இன்னும் மைனஸ் ஒண்ணுதான் காட்டுது."

"இன்னா மேடம் இப்டி சொல்றீங்க? அஞ்சு மாசமா கட்றேன், பாருங்க" என்று தினேஷ் போனை நீட்டினான். தவணை கட்டிய ஐந்து மெசேஜும் வரிசையாக இருந்தன.

அவர் படித்துவிட்டு, போனை மெதுவாக என் பக்கம் திருப்பினார். "இதுல சுமதின்னு இருக்கே. அது நீங்கதானே?"

சுமதி நான்தான்.

தினேஷ் என்னைப் பார்த்தான். "நான் என் ஆதாருதான்கா மொதல்ல குடுத்தேன். கடைக்காரன் மிசின்ல போட்டுட்டு, உனக்கு வராது, வூட்ல வேற யாருக்கு கார்டு கீதுன்னான். எப்பவும் போல உன்துதான குடுப்பேன்? உனக்கு போன் பண்ணி ஓடிபி கேட்டேனே. நீதான சொன்ன."

சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் மீட்டிங் நடுவே போன் வந்தது, "அக்கா, ஒரு நம்பரு வந்துகீது பாரு" என்றான், ஆறு எண்ணையும் வாசித்துவிட்டு வைத்துவிட்டேன். எதற்கு என்று கேட்கவில்லை. பதினொரு கடன் வாங்கிய வாய்க்கு அது பழக்கமாகிவிட்டது.

"கடன் வாங்கி கட்டணும்னுதான மேடம் சொன்னீங்க. யாரு பேர்லன்னு சொல்லலியே" என்றான் தினேஷ், ஆபீசரிடம். அவன் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

ஆபீசர் என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். "உங்க ஸ்கோர் கொஞ்சம் ஏறியிருக்கு மேடம். ஆனா இந்த லோனுக்கு அது பத்தாது."

அப்போது பிரபு சிரித்தார். இரண்டு வருடமாக நான் கேட்காத சிரிப்பு. வாயைக் கையால் மூடிக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்பை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஏனென்றால் அந்த இடத்தில் நான் அழுதுகொண்டிருந்தேன், சிரிக்க வேண்டிய விஷயம்தான் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

வெளியே வந்தால் வேன் கதவு திறந்திருந்தது, பிரியாணி வாசனை ரோடு வரைக்கும் வந்தது. "ஆச்சா?" என்றாள் அம்மா. தினேஷ் விஷயத்தைச் சொன்னான். சித்தி, "அப்ப சோறு?" என்று கேட்டாள். வீணாக்க முடியாது என்று முடிவானது. பிரபு அப்போது மாமல்லபுரம் பக்கம்தான் குடியிருந்தார், பஸ்ஸுக்காகப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஏறுங்க மாமா, வழியிலதான எறக்கி வுடப்போறேன்" என்றான் தினேஷ். அவரும் ஏறிவிட்டார்.

இப்படியாக, அவரை வழியனுப்புவதற்குச் சமைத்த பிரியாணியை அவரே முதலில் உட்கார்ந்து சாப்பிட்டார். கடற்கரை மணலில் பாய் விரித்து, அம்மா அவருக்கு முட்டை இரண்டு வைத்தாள். (எனக்கு ஒன்று.) திருக்கழுக்குன்றம் வரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே வந்தவள் அவள். அவர் காதில் விழும்படிதான் திட்டினாள்.

சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு பிரபு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வீட்டை விக்க வேணாம் சுமதி. நீ கட்டிக்கிட்டே இரு. என் பேர் லோன்ல இருந்துட்டுப் போகட்டும்."

அந்த நிமிடம் நான் எவ்வளவு மட்டமான பெண் என்று எனக்கே தோன்றியது. இப்பேர்ப்பட்ட மனிதரிடம் ஏழு என்று பொய் சொன்னோமே என்று நொந்துகொண்டேன். நன்றி சொல்ல வாயைத் திறந்தேன்.

"புரோக்கர்கிட்ட விசாரிச்சேன்" என்று அவர் தொடர்ந்தார். "அந்தச் சந்துக்குள்ள கார் திரும்பாது, போர்ல உப்புத் தண்ணி. வித்தா லோன் பாக்கி அளவுக்குக்கூட வராது. மிச்சத்துக்கு பேங்க் என்னையும்தான் பிடிக்கும்."

திறந்த வாயை மூடிக்கொண்டேன். வீடு தப்பித்தது, அது உண்மை. என் மானம், என் ஆத்திரம், அவரிடம் இனி எந்தச் சகவாசமும் கிடையாது என்று நான் வீட்டில் விட்ட சவடால், இதில் ஒன்றுகூடத் தப்பிக்கவில்லை. வேனில் திரும்பி வரும்போது தினேஷ் வாஷிங் மெஷினில் இன்னும் ஏழு தவணை பாக்கி இருப்பதாகவும், இனிமேல் அதை நானே கட்டினால் என் ஸ்கோருக்கு நல்லது என்றும் சொன்னான்.

இது நடந்து நான்கு வருடமாகிறது. கோர்ட் கணக்குப்படி நான் தனி ஆள். பேங்க் கணக்குப்படி இன்னும் பதினொரு வருடத்துக்கு சுமங்கலி. வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு பேரும் போய் ஒரே ஃபாரத்தில் கையெழுத்துப் போடுகிறோம். எங்கள் வீட்டில் யாரும் இப்போது அவர் பெயரைச் சொல்வதில்லை, மாப்பிள்ளை என்றும் சொல்வதில்லை. அம்மாவிலிருந்து தினேஷின் மூன்று வயது மகள் வரைக்கும் எல்லோருக்கும் அவர் கோ-அப்ளிகண்ட், பேங்க் பாஷையில் சேர்ந்து கடன் வாங்கியவர். "உன் கோ-அப்ளிகண்டு நேத்து கடைத்தெருவுல போய்க்கினு இருந்தாரு, எளைச்சிட்டாரு" என்பாள் அம்மா.

கடன் ஃபாரத்தில் கொடுத்த போன் நம்பர் அவருடையது என்பதால் பேங்க் மெசேஜ் எல்லாம் அவர் போனுக்குத்தான் போகிறது. அதை மாற்றவும் இரண்டு பேர் கையெழுத்து வேண்டுமாம். போன மாதம் எங்கள் கம்பெனியில் சம்பளம் தள்ளிப்போனது, தவணை பணமில்லாமல் திரும்பியது. நான் பார்ப்பதற்குள் அவரிடமிருந்து மெசேஜ் வந்தது: "சம்பளம் வரலியா? உடம்பு ஏதாவது சரியில்லையா?"

எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அதை இரண்டு தடவை படித்தேன்.

"யாருடி?" என்றாள் அம்மா.

"கோ-அப்ளிகண்ட். சம்பளம் வந்துச்சா, உடம்பு நல்லா இருக்கான்னு கேக்கறாரு."

அம்மா தட்டிலிருந்து நிமிரவில்லை. "கூட இருந்த ஆறு வருசத்துல ஒரு நாளு கேட்டுகிறாரா? இப்ப கேக்குறாரு பாரு, அவரு ஸ்கோரு எறங்கிடுமேன்னு."

தினேஷுக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. நானும் சிரித்தேன். பிறகு எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு, நன்றாக இருக்கிறேன், வெள்ளிக்கிழமை கட்டிவிடுவேன் என்று அவருக்குப் பதில் போட்டேன்.