அப்பா அம்மா பேரைச் சேர்க்கணும்

விடிந்தால் அப்பா அம்மாவுக்கு நாற்பத்தைந்தாவது கல்யாண நாள். மாலை நாலு மணியாக இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது. சின்னவள் கையில் பரிசு என்று சொல்லிக்கொள்ள ஒரு குண்டூசி கூட இல்லை.

வாஷிங் மெஷின் விற்கும் நிறுவனம் ஒன்றின் புகார் பிரிவில் அவளுக்கு வேலை. யார் எவ்வளவு அழுதாலும் ஒரு புகாரை மூன்று நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். தாண்டினால் திரையின் மூலையில் சிவப்புக் கட்டம் கண் சிமிட்டத் தொடங்கும். பதினாறு வருடமாக அந்தக் கட்டத்துக்குப் பயந்து பேசியதில் அவளுடைய பேச்சு முன்னுரை முடிவுரை எல்லாவற்றையும் இழந்து, நடுவில் இருக்கும் விஷயம் மட்டும் மிஞ்சியிருந்தது. வீட்டிலும் அப்படியே. மாத்திரை போட்டாச்சா, டிவி சத்தத்தைக் குறை, மாடிப்படி ஏறாதே என்று சொல்லிக்கொண்டே போவாள். அப்பா பதில் சொல்ல வாயெடுக்கும்போது அவள் அடுத்த அறையில் இருப்பாள்.

வயது நாற்பத்திரண்டு ஆனாலும் வீட்டில் கடைக்குட்டி என்பதால் சின்னவள். கல்யாணம் வேண்டாம் என்று இருபத்தெட்டாவது வயதில் அறிவித்தாள். அதை எதிர்த்துப் பேச ஒருவருக்கும் மூன்று நிமிடம் கிடைக்கவில்லை. அப்பா அம்மா அவளோடு இருந்தார்கள்.

பெரியவன், அதாவது அண்ணன், விமானம் ஏறிப் போகும் தூரத்தில் இருந்தான். ஒன்றரை மாதத்துக்கு முன்பே அவனிடமிருந்து பார்சல் வந்துவிடும். இந்த வருடம் கால் பிடித்துவிடும் இயந்திரம். அப்பா அதில் ஒரு தடவை காலை விட்டுப் பார்த்து, மறுநாளே தபால்காரரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டார். பரிசாக வரும் எதையும் அவர் ஒரு வாரத்துக்கு மேல் வீட்டில் தங்கவிட்டதில்லை. சின்னவள் போன வருடம் வாங்கிய சால்வை எதிர்வீட்டு நாயின் கூடையில் கிடக்கிறது. இருந்தாலும், "அவன் தேதியை மறக்கிறதில்லை பாரு" என்று அப்பா சொல்வார். அந்தப் பாராட்டை மட்டும் அவர் யாருக்கும் தூக்கிக் கொடுத்ததில்லை.

இந்த வருடம் அந்த வாயை அடைத்துவிடுவது என்று சின்னவள் முடிவு செய்திருந்தாள். இவர் தூக்கிக் கொடுக்கவே முடியாத பரிசாக ஒன்றைக் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே கொடுத்து முடித்துவிட்ட ஒன்றை எப்படிக் கொடுப்பார்?

அலுவலகத்தில் தேநீர் இயந்திரத்துக்கு மேலே ஒரு முதியோர் இல்லத்தின் அட்டை ஒட்டியிருந்தது. ஒரு நாள் மதியச் சாப்பாட்டுச் செலவை ஏற்றுக்கொண்டால், நாம் சொல்கிறவர்களுடைய பெயரைச் சாப்பாட்டுக் கூடத்துப் பலகையில் எழுதி வைப்பார்களாம். இரண்டு புகார்களுக்கு நடுவே அந்த எண்ணை அழுத்தினாள். இல்லத்தின் அலுவலகப் பெண்மணி எடுத்தார்.

"அப்பா அம்மா பேரைச் சேர்க்கணும். நாளைக்கே."

"ரெண்டு பேரையுமா?"

"ரெண்டு பேரையும். பிரிக்காம ஒண்ணாப் போடுங்க."

"நாளைக்கேன்னா… கொஞ்சம் யோசிச்சுட்டு…"

"நாளைக்குத்தான் அவங்க கல்யாண நாள்."

எதிர்முனையில் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "எவ்வளவு காலத்துக்கு?" என்று வந்தது.

எழுதிய பெயரை அழிப்பார்கள் என்று சின்னவளுக்குத் தோன்றவே இல்லை. "நிரந்தரமாத்தான். வருஷா வருஷம் இதையே பண்ணிட்டிருக்க எனக்கு நேரமில்ல."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. காலையில திடீர்னு தெரியட்டும். அவங்க முகத்தை நான் பார்க்கணும்."

பெண்மணி பெயர்களைக் கேட்டார். சின்னவள் முகவரியோடு சேர்த்து ஒப்பித்தாள். விசைப்பலகை தட்டும் ஓசை கேட்டு, நின்றது. அதற்குப் பிறகு அந்தக் குரல் ஆளே மாறியதுபோல் குழைந்தது. எல்லாம் பார்த்துக்கொள்கிறோம், பணம் ஒன்றும் வேண்டாம், அதெல்லாம் ஆயிற்று, கொடுத்தனுப்ப வேண்டிய பொருள்களின் பட்டியல் மட்டும் அனுப்புகிறோம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

பணம் வேண்டாம் என்கிற தர்ம ஸ்தாபனத்தைச் சின்னவள் அன்றுதான் பார்த்தாள். நெகிழ்ந்து போனாள். இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. சிவப்புக் கட்டம் சிமிட்டக்கூட இல்லை.

பட்டியல் வந்தது. படுக்கை விரிப்பு, போர்வை, துண்டு, தட்டு, டம்ளர், வழுக்காத செருப்பு எல்லாம் இரண்டிரண்டு. இல்லத்தில் நாற்பது பேராவது இருப்பார்களே, இரண்டை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்று ஒரு கேள்வி வரத்தான் செய்தது. அது புகாராக வராததால் அவள் அதைப் பதிவு செய்துகொள்ளவில்லை. பணம் வாங்காதவர்களுக்குப் பொருளிலாவது குறை வைக்கக்கூடாது என்று கடையிலேயே உயர்ந்த ரகமாகப் பார்த்து வாங்கி, இரண்டு பெட்டிகளில் அடைத்துத் தன் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள்.

ஒரு மணி நேரத்தில் அம்மா அவற்றைத் துடைப்பத்தால் கண்டுபிடித்தாள்.

யாருக்கு என்று கேட்டாள். மறைத்தால் சந்தேகம் வரும் என்று சின்னவள் பாதி உண்மையைச் சொன்னாள், முதியோர் இல்லத்துக்கு என்று. எந்த இல்லம் என்றாள் அம்மா. சின்னவள் பெயரைச் சொன்னதும், அம்மா துடைப்பத்தைப் பிடித்தபடியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்துச் சின்னவள் பதறிப்போனாள்.

"பயப்படாதேம்மா. நல்ல இடம்னு விசாரிச்சாச்சு. நாளைக்கு நீங்களே பார்க்கத்தானே போறீங்க."

அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். எழுந்து போய் அப்பாவின் அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே கிசுகிசுப்புக் கேட்டது. பிறகு அப்பாவுக்கு நீளமாக ஓர் இருமல் வந்தது. சிறிது நேரத்தில் அவர் வெளியே வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கண்கள் ஈரமாக இருந்தன.

"எங்களுக்கு என்னமோ செய்யப் போறியாமே. வேண்டாம்னு சொன்னா?"

இதே சொல்லைக் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு வருடமும் பின்வாங்கியவள்தான். இன்று நிமிர்ந்தாள்.

"நீங்க வேண்டாம்னு சொன்னாலும் செய்வேன். இந்தத் தடவை உங்க பிடிவாதம் செல்லாது."

"நாளைக்கு மனசு மாற மாட்டியே?"

"மாறவே மாறாது."

அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மறுபடியும் இருமிக்கொண்டே உள்ளே போனார். இருமல் மருந்து போட்டாச்சா என்று சின்னவள் கதவுக்கு வெளியிலிருந்து கேட்டாள்.

காலை எட்டரைக்கு வாசலில் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. இல்லத்தின் பெயர் பக்கவாட்டில் நீல எழுத்தில் இருந்தது. நரைத்த மீசை வைத்த டிரைவர் கையில் ஒரு தாளோடு இறங்கினார். பொருள்களை எடுத்துப்போக வண்டியே அனுப்பியிருக்கிறார்கள் என்று சின்னவள் பூரித்து, பெட்டிகளைத் தானே தூக்கிக் கொடுத்தாள். பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்ட டிரைவர், அப்பா அம்மாவை ஏறச் சொன்னார். மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போகவும் வந்திருக்கிறார்கள் என்றால் இதைவிட வேறென்ன வேண்டும்?

"ஏறுங்க, ஏறுங்க. உங்களுக்காக நானே பண்ணின ஏற்பாடு" என்றாள்.

அம்மா வெளியூருக்குக் கட்டும் புடவையில் இருந்தாள். அப்பா படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, எப்போது திரும்பி வருவோம் என்று டிரைவரிடம் கேட்டார். டிரைவர் தாளைத் தூரத்தில் பிடித்துப் படித்தார்.

"நிரந்தரம்னு போட்டிருக்குங்க."

சின்னவள் ஒரே எட்டில் டிரைவரிடம் வந்தாள். தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். 'சேர்க்கை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே அப்பா பெயர், அம்மா பெயர், ஒரே அறை, நிரந்தரம்.

சாப்பாட்டுப் பலகையில் பெயரைச் சேர்க்கத்தான் சொன்னேன் என்றாள். ஆளைச் சேர்க்கச் சொல்லவில்லை என்றாள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக முன்னுரையோடு பேச ஆரம்பித்து, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் தேநீர் இயந்திரம் வரைக்கும் போனாள். அப்பா அசையவில்லை.

"வாய் தவறியிருக்கலாம். வண்டி தவறி வரலையே."

அப்படியானால் இல்லத்தின் மேல்தான் தப்பு என்று நிரூபிக்கக் கிளம்பினாள். அலுவலகப் பெண்மணியை அழைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, நீங்கள் சரியாகக் கேட்டுக்கொள்ளாமல் குடும்பத்தைப் பிரிக்கிறீர்கள் என்று தன் புகார்க்காரர்கள் பதினாறு வருடமாகத் தன்னிடம் காட்டிய அத்தனை கோபத்தையும் காட்டினாள். பெண்மணி பொறுமையாகக் கேட்டுவிட்டு, உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம் என்றார். இங்கே எல்லா அழைப்பும் பதிவாகும் என்றும் சொல்லி, பதிவைப் போட்டுக் காட்டினார்.

தெருவில் சின்னவளின் குரல் கணீரென்று ஒலித்தது. நிரந்தரமாத்தான். வருஷா வருஷம் இதையே பண்ணிட்டிருக்க எனக்கு நேரமில்ல. அவங்க முகத்தை நான் பார்க்கணும்.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்; தோள்கள் குலுங்கின. அப்பா வேனுக்குள் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, நேரே பார்த்தார்.

சின்னவள் போய் வேனின் படியில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"யாரும் எங்கேயும் போகக்கூடாது. நான் எழுந்திருக்க மாட்டேன்."

"நீ சொன்ன சொல்லை நீ மாத்தலாம். நான் ஏறின வண்டியிலேருந்து இறங்க மாட்டேன்" என்றார் அப்பா உள்ளிருந்து. "மனசு மாறாதுன்னு நேத்து யார் சொன்னது?"

"அது வேறப்பா."

"எனக்கு ஒண்ணுதான்."

அம்மா அவளைத் தாண்டிக் காலை வைத்து ஏறி, அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுச் சாவியை மகளின் மடியில் போட்டாள். அது வரையில் தாங்கிய சின்னவள் சாவியைப் பார்த்ததும் உடைந்துபோனாள். புகார் சொல்லி அழுகிறவர்களை ஆயிரக்கணக்கில் கேட்டவள்தான், ஆனாலும் அழுகையை மூன்று நிமிடத்துக்குள் முடிப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. என்னைத் திட்டுங்கள், அடியுங்கள், ஆனால் நான் உங்களைத் தள்ளிவிட்டேன் என்று மட்டும் நினைக்காதீர்கள் என்று விக்கி விக்கிச் சொன்னாள். உள்ளே இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்பா என்னவோ சொல்ல வந்து, மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டிரைவருக்குத்தான் பொறுக்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ஏம்மா இப்படி அழறீங்க? இவங்க ரெண்டு பேரும் அந்த ரூமுக்குப் பணம் கட்டியே ரெண்டு மாசமாச்சு. உங்ககிட்ட வாயைத் திறந்து சொல்லத் தைரியம் வராம இதே தெருமுனையிலேருந்து என்னை மூணு தடவை திருப்பி அனுப்பினாங்க."