நாக்கைத் தூக்கிக் காட்டுங்கோ

இருதயமேரியின் சளிப் பரிசோதனை மூன்றாவது தடவையும் தோற்றுப்போய் வந்தபோது, மருந்து கொடுக்கும் சந்திரமௌலிக்குத் தன் படிப்பின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. பார்மஸிஸ்ட் என்று போர்டு மாட்டியிருந்தார். தாராவி அவரைக் கம்பவுண்டர் என்றுதான் கூப்பிட்டது.

"டிபி கிருமி அப்படியே இருக்கே. மாத்திரை சாப்பிடறேளா, இல்லையா?"

"ஒண்ணு மிச்சமில்லாம தீந்துருது சார்."

ஆளைப் பார்த்தால் ஒரு தும்மல்கூட இல்லை. காலைச் சளி மட்டும் வீட்டிலிருந்து டப்பாவில் வந்து டாக்டரைப் பயமுறுத்தும். சயான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேவுக்கு மூன்று மாத க்யூ.

மாத்திரைப் பாக்கெட்டில் இங்கிலீஷ் இருப்பதுதான் கோளாறு என்று முடிவு கட்டித் தமிழில் எழுதிக் கொடுத்தார்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதே."

படம் வரைந்தார். காலைக்குச் சூரியன், ராத்திரிக்கு நிலா. அடுத்த வாரம் சூரிய மாத்திரை மொத்தமும் திரும்பி வந்தது.

"ஜூலை மாசம்லா சார். சூரியன் எங்க வந்துச்சு?"

பம்பாய் மழை தன் படிப்பில் வரவில்லை என்பதைச் சந்திரமௌலி ஒப்புக்கொண்டார். மில் சங்கு மழையிலும் ஊதும். சங்கு கேட்டால் ஒரு மாத்திரை என்றார். சங்கு மூன்று ஷிப்டுக்கும் ஊதியது. ஒரு வார மருந்து ஐந்தாம் நாளே காலி.

"இனிமே தினம் இங்கே வந்து, என் எதிர்க்க முழுங்குங்கோ."

அவள் முகம் செத்துவிட்டது. "வீட்டுல வச்சே திங்கேனே சார்."

"அதைத்தான் பார்த்தாச்சே."

இந்த யோசனைக்கு டாக்டர் சந்திரமௌலியின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

முதல் நாள் மாத்திரையை வாயில் போட்டவள், கேட்டதற்கெல்லாம் தலையாட்டினாள்.

"வீட்டுக்காரர் மில்லுலயா?"

தலையாட்டினாள்.

"அவர் பேர் என்ன?"

அதற்கும் தலையாட்டினாள்.

சந்திரமௌலி எழுந்து நின்றார். "துப்புங்கோ."

கன்னத்தில் அடக்கி வைத்திருந்த மாத்திரை உள்ளங்கையில் விழுந்தது, பாதி கரைந்து.

அன்றிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரும் சோதனையும். "வாயைத் திறங்கோ. நாக்கைத் தூக்கிக் காட்டுங்கோ." அவள் அழுதுகொண்டே விழுங்கினாள்.

"கசக்கும்தான். உங்க உசிருக்காகத்தானே இவ்வளவும்" என்றார்.

நாற்பது நாள் ஒன்றுகூடத் தவறவில்லை. நாற்பத்தோராம் நாள் அவள் வரவில்லை. மறுநாள் குடையை எடுத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் சந்து சந்தாக விசாரித்து, அவள் வீட்டைக் கண்டுபிடித்தார். பூட்டியிருந்தது. அடுத்த வாசலில் பக்கத்து வீட்டுக்காரி பீவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இருதயமேரிக்கு உடம்பு எப்படி இருக்கு? ஒரு நாள் மாத்திரை விட்டாலும் ஆபத்து."

பீவி நிமிர்ந்து பார்த்தாள்.

"அவளுக்கு என்ன சார், நல்லாத்தான் இருக்கா. நோவு அவ புருசனுக்குல்லா; மில்லுல தெரிஞ்சா வேலைய விட்டு நிப்பாட்டிருவான்னு இவ பேருல மருந்துக் கார்டு போட்டாவ. நாப்பது நாளா மாத்திரை வீட்டுக்கே வரல, நேத்து அவரை அடக்கம் பண்ணியாச்சு."