மில்லிகிராம் அண்ணனும் நான் வெட்டிய வரப்பும்

நன்னிலம் பக்கத்தில் தப்பே செய்யாத ஒரே பிறவி மில்லிகிராம் அண்ணன்தான் என்று நான் மனசார நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் நன்றாக இருந்த என் வரப்பை நானே வெட்டினேன்.

அவர் சொந்தப் பெயர் ஊரில் யாருக்கும் நினைவில்லை. நகைக்கடையில் வைத்திருப்பார்களே, உள்ளங்கையளவு எலக்ட்ரானிக் தராசு, அது எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். டீக்கடை வடையைக்கூட எடை போட்டுத்தான் கடிப்பார்.

"நேத்து நாப்பத்திரண்டு கிராம், இன்னிக்கு முப்பத்தொன்பது. மீதி மூவாயிரம் மில்லிகிராம் எங்கய்யா?"

"ஓட்டை வழியா போயிடுச்சுண்ணே" என்பார் மாஸ்டர்.

பிறந்த குழந்தையைப் பார்க்கப் போன இடத்தில், "மூணு கிலோவா? அப்போ முப்பது லட்சம்!" என்றார். ஆஸ்பத்திரி பில்தான் என்று நினைத்துத் தகப்பன்காரன் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

இந்தச் சம்பாவுக்கு என் இரண்டு ஏக்கருக்கும் களைக்கொல்லி அடித்தேன். ஏக்கருக்கு எட்டு கிராம் பொட்டலம் ஒன்று. மூன்று வாங்கியதில் ஒன்று மிஞ்சியது. மறுநாள் காலை அதை அவர் வீட்டுக்கு எடுத்துப்போனது என் வாய்க்கொழுப்பு.

"எட்டு கிராம்ங்கிறது சுண்டல்ல ஒரு வாய்கூட வராதேண்ணே. இது ஒரு ஏக்கருக்குக் காணுமா?"

உடனே தராசு வந்தது. தாளை வைத்து அதன் எடையைக் கழித்து, மருந்தைக் கொட்டினார். பார்த்தார்.

"தம்பி, நாப்பது காட்டுது. நேத்து நீ ஏக்கருக்கு எட்டுக்குப் பதிலா நாப்பதைப் போட்டிருக்கே. அஞ்சு மடங்கு! களை சாகும். கூடவே பயிரும் போயிடும்."

ஒரு மாதப் பயிர், குத்தகை நிலம் வேறு. மருந்துத் தண்ணீர் வடிந்தால் பயிர் பிழைக்கும் என்று எந்த நிபுணர் சொன்னார்? யாரும் சொல்லவில்லை. மம்பட்டியோடு ஓடி வரப்பை வெட்டினேன். முறை வைத்து வாங்கிய தண்ணீர் மொத்தமும் குபுகுபுவென்று வடிகாலுக்குப் போனது. "இன்னும் ஆழமா வெட்டு தம்பி!" என்று பின்னாலேயே வந்து கரையில் நின்று கத்தினார் அண்ணன்.

அப்போது அவர் போன் அடித்தது. ஸ்பீக்கரில் அண்ணி.

"ஏங்க, காலையில என் மூக்குத்திக் கல்லை நிறுத்தீங்களே, தராசை வீட்டுலயே விட்டுட்டு ஓடிட்டீங்க, அது இன்னும் கேரட்டுலயே நிக்குது. மாத்தலையா?"

அண்ணன் வானத்தைப் பார்த்தார்.

"கேரட்டுக்கு இருநூறு மில்லிகிராம். நாப்பது கேரட்டுன்னா எட்டாயிரம். எட்டு கிராம்தான் தம்பி! நம்பர் கரெக்டு, பாத்தியா?"

"நம்பர் கரெக்டுதாண்ணே. தண்ணியைக் காணுமே!"

பொட்டலத்தில் எட்டு கிராம்தான் இருந்தது. களை செத்தது, நெல் பிழைத்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, நான் வெட்டிய வரப்பை இரண்டு கையாலும் சேறு அள்ளி அடைத்தவர் மில்லிகிராம் அண்ணன். அந்தச் சேறு எத்தனை கிராம் என்று அவர் இதுவரை சொல்லவில்லை.