இடப்பக்கம் பாரம் அதிகம்

சந்தன்நகர், பகுல்தலாப் படித்துறை
பௌஷ மாதம் நான்காம் நாள்

அன்பு மைத்துனன் ஹாராதனுக்கு,

உன் அக்கா புருஷன் கோஷ்டோ மாஜி எழுதிக்கொள்வது. கங்கை அன்னை உன்னையும் உன் வீட்டாரையும் உன் மூச்சிரைப்பையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும். இங்கே நானும் படகும் நலம். கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைக்காதே, நானேதான். படகு ஓடாத மத்தியானங்களில் டிக்கெட் அறையில் நடக்கும் முதியோர் வகுப்பில், அறுபத்தொன்பது வயதில், ஏழு மாதம் உட்கார்ந்து கற்றது. இது என் வாழ்வின் முதல் கடிதம். ஒரு வரிக்கு ஒரு பீடி ஆகிறது. நீ பள்ளிக்கூடத்தில் எழுத்தராக இருந்தவன், பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பாதே.

படிக்கத் தெரிந்த பிறகு இந்த ஊர் ஒரே வாயாடியாகிவிட்டது. சும்மா நின்ற சுவரெல்லாம் பேசுகிறது, தீப்பெட்டி பேசுகிறது. என் படகின் பக்கவாட்டில் வெள்ளை பெயின்ட்டில் ஏதோ எழுதியிருக்குமே, சாமி பெயர் என்று நினைத்து நாற்பது வருடமாகத் தினமும் தொட்டுக் கும்பிட்டு வந்தேன். இப்போது படித்துப் பார்த்தால், ‘எட்டு பேருக்கு மேல் ஏற்றக்கூடாது’ என்று இருக்கிறது. பதினாறு பேரை ஏற்றிக்கொண்டு அதைக் கும்பிட்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அக்கா சிந்துபாலா கோபித்துக்கொண்டு காட்வா ரயிலேறி உன் வீட்டுக்கு வந்து இன்றோடு எட்டு நாள். அவள் தன் வழியில் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள். என் வழியிலும் ஒருமுறை கேட்டுவிட்டு, அவளைத் திரும்பி வரச் சொல்ல வேண்டியது உன் பொறுப்பு.

எல்லாம் ஷுபிமல் பாபுவால் வந்தது. மின்சார ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், ஞாயிறு காலையில் கழுத்தில் காமிராவோடு படித்துறைக்கு வந்து, குளிக்கிறவர், துவைக்கிறவர், தூங்குகிற நாய் என்று ஒன்றையும் விடாமல் எடுப்பார். கார்த்திகை மாதம் ஒரு நாள் பனி இறங்கியிருந்த நேரத்தில், நானும் உன் அக்காவும் படகில் உட்கார்ந்திருந்ததை எடுத்திருக்கிறார். அவள் இடப்பக்கம், நான் வலப்பக்கம், என் கையில் மண்குவளை, அதை அவளிடம் நீட்டிக்கொண்டிருக்கிறேன். படம் நன்றாக வந்திருக்கிறது, சங்கத்தில் காட்டப்போகிறேன், நீங்களும் வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார். இந்த ஊரில் படம் எடுக்கிறவர்களுக்கென்று ஒரு சங்கம் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நூலக மாடியில் கூடி, பொரியும், சமோசா போன்ற சிங்காடாவும் தின்றுகொண்டு, ஒருவர் படத்தை ஒருவர் குறை சொல்கிறார்கள். சண்டை வருமே என்று கேட்டேன். வராதாம். அதற்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: படம் பலகையில் நிற்கும்வரை அதை எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. மற்றவர்கள் எது சொன்னாலும் கேட்டுக்கொண்டு, கடைசியில் நன்றி மட்டும் சொல்ல வேண்டும். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. நம் குடும்பக் கல்யாணங்களில் இப்படி ஒரு விதி இருந்திருந்தால் உன் பெரியப்பாவும் என் அண்ணனும் இன்றைக்கும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

படத்தைப் பலகையில் வைத்தார்கள். இனிப்புக்கடை ஹிரேன் பாபு முதலில் எழுந்தார். “கிழவர் முகம் பிரமாதம். ஆனா இடப்பக்கம் பாரமா இருக்கு” என்றார். காகிதத்தில் எப்படிப் பாரம் இருக்கும் என்று நான் கழுத்தை நீட்டினேன். இந்திராணி டீச்சர், பெண்கள் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்தவர், “கண்ணு அந்தப் பக்கமே இழுத்துக்கிட்டுப் போகுது” என்றார். உடனே ஹிரேன் பாபு பையிலிருந்து இரண்டு கறுப்பு அட்டைகளை எடுத்தார். ஒவ்வொன்றும் தச்சனின் மூலைமட்டம் போல வளைந்திருந்தது. இரண்டையும் எதிரெதிராகப் படத்தின்மேல் வைத்து நகர்த்தினால், எந்த இடத்தில் வெட்டினால் எப்படி இருக்கும் என்று வெட்டாமலே பார்த்துவிடலாம். ஹாராதன், என்ன ஒரு கருவி! உலகத்தில் எதை வேண்டுமானாலும் அதற்குள் வைத்துப் பார்க்கலாம் போலிருந்தது. அவர் அட்டையை நகர்த்த நகர்த்த முதலில் படகின் கயிறு போயிற்று, பிறகு உன் அக்காவின் முழங்கால் போயிற்று, நான் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். “நீங்க சொல்லுங்க பெரியவரே, இது உங்க படகாச்சே!” என்று டீச்சர் கேட்டார். தலைமையாசிரியை என்னிடம் கருத்து கேட்கிறார்! எனக்குத் தலைகால் புரியவில்லை. பலகையைப் பார்த்தேன். அவர்கள் சொன்னது உண்மைதான், எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நாற்பது வருடம் துடுப்புப் போட்டவன் என்ன சொல்வான்? “ஆமாம் பாபு, இடப்பக்கம் பாரம் அதிகம். ஒரு ஆளை இறக்கி விட்ருங்க” என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். இறக்கிவிடச் சொன்னது யாரை என்பது மூன்றாவது சிங்காடாவின்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் அவளை வெட்டியாயிற்று. சங்கு வளையல் போட்ட மணிக்கட்டு மட்டும் ஓரத்தில் மிச்சமிருந்தது. “இந்தக் கை தொந்தரவு பண்ணுது” என்றார்கள். அதையும் அழிக்க முடிவாயிற்று. இனி படத்தில் நான் வெறும் பனிக்குத்தான் குவளையை நீட்டுவேன். “குவளை ரொம்ப சாய்ஞ்சிருக்கே, டீ கொட்டிடாதா?” என்று ஹிரேன் பாபு ஒரு சந்தேகம் கேட்டார். “முகபாவத்தைப் பாருங்க, டீயைப் பார்க்காதீங்க” என்று டீச்சர் அவரை உட்காரவைத்தார். ஷுபிமல் பாபு விதிப்படி வாயைத் திறக்கவில்லை, கடைசியில் நன்றி சொன்னார்.

அந்தப் படம் சங்கம் நடத்திய கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியது. உன் அக்காவைச் சிவப்புக்கரைப் புடவை கட்டச் சொல்லி அழைத்துப் போனேன். நான் செய்த தப்பை இப்போது சொல்கிறேன். படத்தின் கீழே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. எழுத்தைக் கண்டால் எனக்கு நாக்கு நிற்காது. அதுவும் எனக்கு மனசுக்குள் படிக்க இன்னும் வரவில்லை, சத்தமாகப் படித்தால்தான் என் காதுக்கே அர்த்தம் எட்டும். கூட்டத்தின் நடுவே நின்று, விரலை வைத்து, “இல்… லா… த… வ… ளுக்கு” என்று படித்தேன். முழுதும் படித்த சந்தோஷத்தில் இவள் பக்கம் திரும்பி, “பார்த்தியா, ஒரே மூச்சுல படிச்சிட்டேன்!” என்று வேறு சொன்னேன். அதற்குள் கல்கத்தாவிலிருந்து வந்த நடுவர் என்னை அடையாளம் கண்டு ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர். “அவங்க போய் எத்தனை வருஷம் ஆச்சு?” என்றார். ஒரு பாட்டி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். நடுவர் உன் அக்காவைப் பார்த்து, “இவங்க யாரு?” என்று கேட்டார்.

“நான்தாங்க அந்த இல்லாதவ. வண்டி தாமதம், இப்பதான் வந்து சேர்ந்தேன்” என்றாள் உன் அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். நிலைமையைச் சமாளிக்க நான், “உண்மையில இவளுக்குத்தான் பாபு சூடா டீ கொடுத்துக்கிட்டிருந்தேன். தினமும் முதல் குவளை இவளுக்குத்தான்” என்றேன். அவள் சிரிப்பை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். மறுநாள் காலையில் ரயிலேறிவிட்டாள். உயிரோடு இருக்கிறவளைச் செத்தவளாக்கி மாலை போடாத குறையாக மாட்டிவைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

போன சனிக்கிழமை மறுபடியும் நூலக மாடிக்குப் போனேன். பலகையில் யாரோ எடுத்த வாத்து இருந்தது. முறை வராமலே நடுவில் எழுந்து நின்று, “வெட்டினதைத் திருப்பிக் கொடுங்க” என்றேன். வாத்துக்காரர் தன் வாத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்று பயந்துபோனார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: பனிக்காலக் காலை, சூடான டீ, நான் குடிக்காமல் அவளுக்கு நீட்டிய முதல் குவளை, அந்தக் கை இல்லாவிட்டால் அந்தக் குவளைக்கு என்ன அர்த்தம் என்று. இப்படியெல்லாம் பேச வரும் என்று எனக்கே தெரியாது. டீச்சர் அழுதுவிட்டார். ஹிரேன் பாபு ஈச்சவெல்லச் சந்தேஷ் ஒரு பெட்டி கொடுத்தார். ஷுபிமல் பாபுதான் பாவம். “எனக்கு அன்னைக்கே மனசு வரல கோஷ்டோ அண்ணா. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே” என்றார். முழுப் படத்தையும் பெரிதாகப் போட்டு, கண்ணாடிச் சட்டத்தில் கொடுத்தார்கள். அதில் உன் அக்கா முழுசாக இருக்கிறாள், கயிறும் இருக்கிறது. கீழே சீட்டில் என்ன எழுதலாம் என்று கேட்டார்கள். நானே என் கையால் ‘சிந்துபாலா’ என்று எழுதினேன். ஒரே சொல், இரண்டு பீடி. படம் இப்போது சமையலறை மாடத்துக்கு மேலே தொங்குகிறது. பார்க்க அவள் இல்லை. அவள் இல்லாத அந்தப் பரிசுப் படம்தான் இப்போது வீட்டில் நடந்துகொண்டிருக்கிறது என்று அவளிடம் சொல். சந்தேஷ் கெட்டுப்போவதற்குள் வரச் சொல்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. உன் மூச்சிரைப்புக்குத் துளசிச் சாறு. அன்னையின் நிழல் உன் கூரையை விட்டு நகராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
சொந்தக் கையால்,
கோஷ்டோ மாஜி

பின்குறிப்பு: ஹாராதன், இதை எழுதி முடிக்க ஐந்து நாள் ஆயிற்று. உன் அக்கா நேற்று தானாகவே வந்துவிட்டாள், உனக்குத் தெரிந்திருக்கும். தபால்தலை ஒட்டிவிட்டதால் அனுப்புகிறேன். கடிதத்தை முழுதும் படித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன். இரண்டு கையையும் அந்த அட்டைகள் போல வளைத்துக் காகிதத்தின்மேல் வைத்து, “இந்த டீ வர்ற இடத்தையெல்லாம் வெட்டு” என்றாள். அதுதான் கடிதத்துக்கே உயிர் என்றேன். “என்னை வெட்டினதுக்கா நான் போனேன்? போட்டோவுல எனக்குப் பல்லுதான் தெரியும், வெட்டினது நல்லதாப் போச்சு. அது காலிக் குவளைய்யா. நீ குடிச்சிட்டு, ஆத்துல வீசுன்னு எங்கிட்ட நீட்டினே. நாப்பத்திநாலு வருஷத்துல என்னைக்கு நீ எனக்கு டீ கொடுத்திருக்கே? அத்தனை பேர் முன்னால, ‘முதல் குவளை இவளுக்குத்தான்’னியே, அதுக்குத்தான் போனேன்” என்றாள். படத்தைக் கழற்றி வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தேன். குவளையின் உள்ளே அடிவரை தெரிகிறது, காலி. ஹிரேன் பாபு கேட்டது நியாயமான கேள்வி.

ஆகவே மேலே டீயைப் பற்றி எழுதியதை எல்லாம் எழுதாததாக எடுத்துக்கொள். இன்று காலை நானே கடைக்குப் போய் ஒரு குவளை நிறைய வாங்கி வந்து கொடுத்தேன். இந்தக் காகிதத்தின் ஓரத்தில் இருக்கும் கறை அப்போது சிந்தியது. அவள் படகின் இடப்பக்கம் உட்கார்ந்து ஒரு வாய் குடித்தாள். “சர்க்கரை பத்தல” என்றாள்.

நான் சங்கத்து விதிப்படி வாயைத் திறக்கவில்லை. கடைசியில் நன்றி சொன்னேன்.