ஒரு ஷில்லிங் சாராவும் உறுதி அங்கிளும்

சிட்னித் தமிழர்கள் இரண்டே விஷயத்துக்குத்தான் பயப்படுவார்கள். ஒன்று, வருமான வரி அலுவலகத்திலிருந்து வரும் கடிதம். இன்னொன்று, உறுதி அங்கிள். வரிக்காரர்களாவது சில வருஷங்களோடு விட்டுவிடுவார்கள். உறுதி அங்கிள் டச்சுக்காரன் யாழ்ப்பாணத்தை ஆண்ட காலம் வரைக்கும் பின்னால் போய்த் தோண்டுவார்.

உறுதி என்றால் யாழ்ப்பாணத்தில் நிலப் பத்திரம். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அவர் வீட்டின் பின்பக்கத்துச் சின்ன வீட்டில் நாலு வருஷம் குடியிருந்தவன் இப்படிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். என்ன செய்ய? கரண்ட் பில் முதல் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் எல்லாம் அவர் மனைவி அன்ரி பேரில்தான் வரும். அவருக்கென்று வருவது பழைய உறுதிகளின் நகல்களும், யாரோ ஒருவருடைய வக்கீல் நோட்டீஸும்தான்.

இளவயதில் யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசிடம், அதாவது பத்திரம் எழுதுகிறவரிடம், நகல் எடுக்கிற வேலை பார்த்தவர். சண்டைக் காலத்தில் சிட்னிக்கு வந்து, தபால் பிரிக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றார். அதன் பிறகு அவருடைய கார் தெருவில் வெயிலிலும் ஆலங்கட்டி மழையிலும் நின்றது. கராஜில் காகிதம் குடியிருந்தது. யார் குடும்பத்து உறுதியாக இருந்தாலும் சரி, மரணசாதனம் என்கிற உயிலாக இருந்தாலும் சரி, ஒரு நகல் வாங்கி வைத்துக்கொள்வார். அதை வைத்து அந்தக் குடும்பத்தின் ஏழு தலைமுறையை வரைந்துவிடுவார். கேட்காமலே வரைவார் என்பதுதான் பிரச்சினை.

ஸ்ட்ராத்ஃபீல்டில் ரயிலடிக்கு நடக்கிற தூரத்தில் இடம் காலி என்று கேள்விப்பட்டுத்தான் நான் முதலில் போனேன். சம்பளச் சீட்டு, பழைய வீட்டுக்காரர் கொடுத்த நற்சான்று எல்லாம் ஃபைலில் போட்டுப் பவ்யமாக நீட்டினேன். அவர் ஃபைலைத் தொடவே இல்லை.

"தம்பியின்ர பூட்டன் பேரென்ன?"

"பூட்டன்னா அங்கிள்?"

"தாத்தாவின்ர அப்பா."

"தெரியாது அங்கிள்."

"சரி, அவற்ற காணிக்குக் கிழக்கெல்லை என்ன?"

"அவர் பேரே தெரியாதுங்கறேன்..."

"பேர் மறந்து போகலாம். எல்லை மறக்கலாமோ?"

நான் வாசலில் மழையில் நனைந்தபடி திருதிருவென்று விழித்தேன். குசினி என்கிற சமையலறையிலிருந்து அன்ரி சாவியோடு வந்தார். "இஞ்சாருங்கோ, அந்தத் தம்பி மழையில நிக்குது. வாடகைக்கு வந்த பிள்ளையோ, காணி வழக்குக்கு வந்த பிள்ளையோ?" என்று சொல்லிச் சாவியை என் கையில் வைத்தார். அந்த வீட்டில் தீர்ப்புச் சொல்கிற அதிகாரம் யாரிடம் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

கெல்லிவில்லில் ஒரு டாக்டரின் அறுபதாவது பிறந்தநாள் விருந்துக்கு அன்ரி, அங்கிள், நான் மூவரும் போனோம். டாக்டர் மைக்கைப் பிடித்துத் தன் முன்னோர் பெருமையை எடுத்து விட்டார். பூட்டனார் காணியைச் சுற்றி வரக் குதிரையே களைத்துவிடுமாம். அங்கிள் எழுந்தார். அன்ரி அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார். சட்டைதான் கையில் வந்தது, மனுஷன் வரவில்லை.

"டொக்ரர், உங்கட பூட்டனாரின்ர மரணசாதனம் என்னட்டை இருக்கு. அவருக்கு இருந்தது புளியடிக் காணியில ஆறு குழி. கிணத்தில நாப்பத்தெட்டில ஒரு பங்கு. குதிரை களைச்சது உண்மையெண்டா, அது வேற ஆரின்ரையோ காணியில ஓடியிருக்கும்."

எங்கள் மேஜைக்கு மட்டும் ஐஸ்கிரீம் வரவில்லை. அதற்குப் பிறகு எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் முதலில் அன்ரிக்கு ஒரு போன் வரும். "அன்ரி, நீங்கள் கட்டாயம் வரோணும். அங்கிளுக்கு உடம்பு ஏலாமல் இருந்தால் வில்லங்கப்படுத்திக் கூட்டிக்கொண்டு வராதேங்கோ" என்பார்கள். அங்கிளுக்கு அன்ரி வாயால் வருஷம் முழுக்க உடம்பு ஏலாமல் இருந்தது.

இப்படி ஊரே ஒதுக்கி வைத்த மனுஷனைத் தேடி ஒரே ஒரு ஆள் வந்தது. பக்கத்து வீட்டு டாரதி. எண்பத்துநாலு வயது அமெரிக்கப் பாட்டி. ஓர் ஆஸ்திரேலியரைக் கல்யாணம் செய்துகொண்டு வர்ஜினியாவிலிருந்து அறுபது வருஷத்துக்கு முன்னால் சிட்னிக்கு வந்தவர். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எலுமிச்சம்பழம் வரும், இந்தப் பக்கத்திலிருந்து வடை போகும். அங்கிளுக்கும் அவருக்கும் பேச்சு குறைவு. காரணம், அங்கிளின் ஆங்கிலம் பத்திர ஆங்கிலம். "மேற்படி பூனை நேற்று எனது எல்லைக்குள் பிரவேசித்தது" என்கிற ரீதியில்தான் பேசுவார்.

டாரதி ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். வர்ஜினியாவில் இருக்கும் அவருடைய அம்மா வழித் தூரத்து உறவினர் ராய் எழுதிய குடும்ப வரலாறு. பிரிட்டிஷ் ராஜா அமெரிக்காவை ஆண்ட காலத்திலிருந்து தொடங்குகிறது. அதில் சாரா என்று ஒரு பெண். அவளுடைய அப்பா உயில் எழுதும்போது மகன்களுக்கு நிலம் நிலமாகக் கொடுத்துவிட்டு, "என் மகள் சாராவுக்கு ஒரு ஷில்லிங்" என்று எழுதினாராம். ராய் அதற்குக் கீழே, "குடும்பத்துக்குத் தலைகுனிவு ஏற்படுத்தியதால் தகப்பனால் கைவிடப்பட்டவள்" என்று அச்சடித்துவிட்டார்.

"என் அம்மா பக்கத்தில் நான் சாரா வழி வந்தவள்," என்றார் டாரதி. "சிட்னிக்குக் கப்பல் ஏறின அன்று என் அப்பா துறைமுகத்தில் வைத்து, 'சாராவின் ரத்தம்தானே, வேறெப்படி இருக்கும்' என்றார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை. ராய் புத்தகத்தைக் கடைசித் தடவையாகத் திருத்தி அச்சுக்குக் கொடுக்கப் போகிறான். அதற்குள் அந்தப் பெண் என்ன தப்புச் செய்தாள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்."

அங்கிள் உயிலின் நகலை வாங்கிப் படித்தார். 'கடவுளின் பெயரால், ஆமென்' என்று அது தொடங்கியதைப் பார்த்து, "நாங்கள் பிள்ளையார் சுழி போடுற மாதிரி" என்று திருப்திப்பட்டுக்கொண்டார். பாதியில் முகம் மாறியது. ஒரு பசு, ஜூடித் என்ற அடிமைப் பெண், ஒரு கட்டில் என்று வரிசையாக மூத்த மகனுக்கு எழுதியிருந்தது.

"பசுவுக்கும் கட்டிலுக்கும் நடுவில ஒரு மனுசியை எழுதியிருக்கிறான். இந்தப் பேர் ராயின்ர புத்தகத்தில இருக்கோ?" என்று என்னிடம் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். டாரதி தலையைக் குனிந்துகொண்டு இல்லை என்றார்.

"எழுதினா எல்லாம் எழுதோணும். அதுக்குச் சம்மதமெண்டா நான் பாக்கிறன்."

டாரதி சம்மதித்தார். அங்கிள் ஷில்லிங் வரியைத் தொட்டுக் காட்டினார். "இது கோவத்தில எழுதினதெண்டு ஆர் சொன்னது? எங்கட சட்டத்தில சீதனம் வாங்கிக்கொண்டு போன பொம்பிளைப் பிள்ளைக்குப் பிறகு தாய் தகப்பன்ர முதிசச் சொத்தில பங்கில்லை. ஏற்கெனவே குடுத்தாச்சு. பிறகு, அப்பா என்னை மறந்து போனார் எண்டு ஒருதரும் கோட்டுக்குப் போகக் கூடாது. அதுக்குத்தான் பேர் சொல்லி ஒரு ஷில்லிங். சாராவுக்கு எங்கையோ சீதனம் எழுதியிருக்கு. நான் எடுத்துத் தாறன்."

வர்ஜினியாக்காரனாவது, சீதனமாவது! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அங்கிள், அது புங்குடுதீவு இல்ல, அமெரிக்கா" என்றேன். "காணி எங்கையும் காணிதான்" என்று கராஜுக்குள் போய்விட்டார்.

அந்த மாவட்டத்துப் பழைய நிலப் பதிவேடுகளைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருந்தார்கள். கொடுத்தவர்களின் பெயர் அட்டவணை எப்போதோ எரிந்துவிட்டது. வாங்கினவர்களின் பெயர் அட்டவணைதான் மிச்சம். அங்கிள் அதில் சாராவைத் தேடினார். ஒரு மாதம் தேடினார். இரண்டாம் மாதம் பூதக்கண்ணாடி வாங்கினார். மூன்றாம் மாதம் தாடி வளர்ந்தது. அந்த மாவட்டத்தில் காணி வாங்கிய அத்தனை பேரும் அவருக்கு உறவுக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். "இந்த ஹென்றி ஒரு கள்ளன் தம்பி. பக்கத்துக்காரன்ர வேலியை வருசா வருசம் தள்ளுறான்" என்று சாப்பாட்டு நேரத்தில் எனக்குச் செய்தி சொல்வார். சாராவை மட்டும் காணோம்.

வேலிக்கு மேலே டாரதியின் தலை தினம் ஒரு தடவை தெரியும். அங்கிள் கையை விரிப்பார். தலை மறைந்துவிடும். ராயின் குடும்பக் கூட்டத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. அதில் டாரதி கணினி வழியாகக் கலந்துகொள்வதாக ஏற்பாடு. அங்கிள் முதல் தடவையாக, "நான் பிழை விட்டிட்டன் போல கிடக்கு தம்பி. அந்த மனுசிக்கு ஆசை காட்டியிருக்கக் கூடாது" என்றார். நான் அவருடைய பூதக்கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தேன்.

அன்ரி முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "ஆரின்ர பேரில தேடுறியள்?"

"சாராவின்ர பேரிலதான். சீதனம் பிள்ளையின்ர பேரிலதானே எழுதுறது?"

"அது எங்கட ஆக்கள். அந்தக் காலத்து வெள்ளைக்காரன் பொம்பிளையளின்ர பேரில காணி எழுதுவானோ? கலியாணம் கட்டினதோட அவளின்ர எல்லாம் அவனுக்குத்தானே? மருமோன்ர பேரைப் பாருங்கோ."

"சும்மா இரும். உமக்கென்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு அங்கிள் மெல்ல நடந்து கராஜுக்குப் போனார். குசினி வாசலைத் தாண்டியதும் ஓடினார். எழுபத்தாறு வயதில் அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இருபது நிமிஷம் போனது. பிறகு கையில் ஒரு தாளோடு வந்தார். அன்ரியைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார்: "மருமோன்ர பேரிலதான் கிடக்கு."

"சாப்பாடு ஆறுது" என்றார் அன்ரி.

உயில் எழுதுவதற்கு ஏழு வருஷம் முன்பு, சாராவின் அப்பா அவளுடைய புருஷன் தாமஸுக்கு நிலம் எழுதிக் கொடுத்திருக்கிறார். விலை இல்லை. 'என் மகள் சாரா மீதும் மருமகன் மீதும் எனக்குள்ள இயற்கையான அன்பும் பட்சமும் காரணமாக' என்று இருக்கிறது. "பாருங்கோ தம்பி, எங்கட நொத்தாரிசு எழுதுற அதே வசனம்!" என்று அங்கிள் என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். வலித்தது.

கூட்டம் எங்கள் குசினியிலிருந்தே நடந்தது. லேப்டாப்பைப் பிடிப்பது என் உத்தியோகம். திரையில் வர்ஜினியாவே உட்கார்ந்திருந்தது. டாரதி பத்திரத்தை வாசித்தார். ராய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிலம் கொடுத்தது சரி, பிறகு சண்டை வந்து அவளைத் துரத்தியிருக்கலாமே என்றார்.

அங்கிள் திரைக்குள் தலையை நுழைத்தார். "மேற்படி காணியின் கிழக்கெல்லையை வாசியுங்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

டாரதி வாசித்தார். கிழக்கே, 'நான் குடியிருக்கும் என் சொந்த நிலம்' என்று சாராவின் அப்பா எழுதியிருந்தார்.

"மகளுக்குக் கொடுத்தது தன் வீட்டுக்குப் பக்கத்துக் காணி," என்றார் அங்கிள். "சாராவின் மகன் அதே இடத்தில் குடியிருந்து, பிறகுதான் அதை விற்றிருக்கிறான். அந்தப் பத்திரமும் என்னிடம் உண்டு. உயில் எழுதின அன்று சாரா வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாள். கூப்பிட்டால் கேட்கிற தூரம். மேற்படி ராய் அவர்கள் திருத்திக்கொள்ள வேண்டியது. ஜூடித்தின் பெயரையும் சேர்க்க வேண்டியது."

ராய் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். பிறகு இரண்டையும் செய்கிறேன் என்றார்.

டாரதி லேப்டாப்பை மூடினார். தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் அப்பா செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. அவர் சொன்னதுக்குப் பதில் இன்றைக்குத்தான் என் கையில் இருக்கிறது. சாரா துரத்தப்பட்டவள் இல்லை அப்பா. நானும் ஓடிப் போனவள் இல்லை" என்றார். அழுதார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது?

 அங்கிள் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு டாரதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இன்னொரு தடவை வாசிக்க முடியுமா என்று டாரதி கேட்டார். அங்கிள் தாளை எடுத்தார். என்ன நினைத்தாரோ, தமிழில் வாசிக்க ஆரம்பித்தார். நொத்தாரிசு முன்னால் சாட்சிகளுக்கு வாசித்துக் காட்டுகிற அந்த நீட்டல் ராகத்தில், ஓடை, ஓக் மரம், நாலு எல்லை எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. டாரதிக்கு ஒரு சொல் புரியாது. சாரா என்று வருகிற இடத்தில் மட்டும் தலையை ஆட்டினார்.

ஊரையெல்லாம் பகைத்துக்கொண்ட அந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று நான் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அன்ரி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தார். அங்கிள் வாசித்து முடிக்கும்வரை ஒருவரும் அதைத் தொடவில்லை.