மாலினியின் தங்கச்சி

மாலினி செத்து, எரித்து, சரியாக ஏழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, தேத்தண்ணீர்க் கோப்பையோடு குசினிக்குள்ளிருந்து சிரித்தபடி வந்தாள்.

இரத்தினவேலின் வாய்க்குப் போன தோசைத் துண்டு பாதியில் நின்றது.

"பேபி, இஞ்ச ஓடி வா! உவள் போன கிழமை செத்தவளெல்லே?"

மனைவி பேபி ஈரக் கையோடு வந்து ரீவியைப் பார்த்தாள். "செத்தவள்தான். நானே அழுதனான்."

மாலினி, 'பதினாலாம் மாடி' என்ற சிங்கப்பூர்த் தொடர் நாடகத்தின் கதாநாயகி. அந்தச் சின்ன நாட்டில் அது இலவச சானலில் கிழமைக்கு ஒரு நாள் போய்க்கொண்டிருந்தது. அதைக் கனடாவில் காட்டும் உரிமையை வாங்கியிருந்தவர் இரத்தினவேல். கிழமை நாட்களில் அவர் மட்டைப்பெட்டி செய்கிற ஒரு பக்டரியில் மேற்பார்வையாளர். ஞாயிறு மட்டும் தொலைக்காட்சி அதிபர். கேபிள் இல்லாத வீட்டிலும் இரண்டு கம்பி அன்ரெனாவை நிமிர்த்திவிட்டால் தெரிகிற பல்மொழிச் சானல் ஒன்றில் அரை மணித்தியாலம் எடுத்து, 'கதம்பம்' என்று நடத்தினார். செய்தி வாசிப்பது பேபி. ரொறொன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில், பதினேழாம் மாடியில் இருந்த அவர்களுடைய அப்பார்ட்மென்ற்தான் தலைமையகம்.

திரையில் மாலினியின் புருஷன் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே கோப்பையை வாங்கினான். "சீனி பத்தல மாலினி" என்றான். செத்தவள் தேத்தண்ணீர் தருகிறாள் என்று அந்த வீட்டில் ஒருவரும் திடுக்கிடவில்லை.

"விளங்கிட்டுது," என்றார் இரத்தினவேல். அவருடைய முகம் வெளியே கிடந்த பனியின் நிறத்துக்கு வந்தது. "எட்டும் ஒன்பதும் மாறிப்போச்சு. இண்டைக்குப் போறதைத்தான் போன கிழமை போட்டிருக்கோணும். உந்த அகஸ்ரின் லேபிளை மாத்தி ஒட்டிப்போட்டான்."

சிங்கப்பூர்க் கசெற் கனடா மெஷினில் ஓடாது. ஸ்காபரோவில் வீடியோக் கடை வைத்திருந்த அகஸ்ரின்தான் அவற்றை இங்கத்தைய முறைக்கு மாற்றிப் பதிந்து, இலக்கம் ஒட்டிக் கொடுப்பான். இம்முறை எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் ஒரே பார்சலில் வந்திருந்தன.

"அதுக்கென்ன, அடுத்த கிழமை மன்னிப்புக் கேப்பம்," என்றாள் பேபி. "நானே வாசிக்கிறன்."

"மன்னிப்போ? ஒப்பந்தம் வாசிச்சனீயே? ஒழுங்கு மாத்தியோ வெட்டியோ ஒட்டியோ காட்டினால் உரிமை ரத்து. நாடகம் போனால் 'கதம்பத்தை' ஆர் பாக்கிறது? உன்ர செய்தியையோ?"

பேபி பதில் சொல்வதற்குள் ரெலிபோன் அடித்தது. பிக்கரிங்கிலிருந்து புவனேஸ்வரி அன்ரி. 'கதம்பம்' தொடங்கிய நாளிலிருந்து முதல் அழைப்பு அவருடையதுதான்.

"தம்பி, போன கிழமை செத்தவள் இந்தக் கிழமை எப்பிடித் தேத்தண்ணி ஊத்துறாள்?"

இரத்தினவேல் சுவரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பேபியைப் பார்த்தார்.

"உவள் அவளில்லை அன்ரி. தங்கச்சி. இரட்டைப் பிள்ளையள்."

"அப்ப ஏன் உவளையும் மாலினி எண்டு கூப்பிடினம்?"

"அது... ஒருத்தியின்ர வீட்டுப் பேர், மற்றவளின்ர பள்ளிக்கூடப் பேர்."

மறுமுனையில் அன்ரி பெருமூச்சு விட்டார். "நான் நினைச்சனான்! சிரிப்பு வேறமாதிரிக் கிடந்தது."

போனை வைத்ததும் பேபி கேட்டாள். "உங்களுக்கு என்ன விசரே?"

"ஒரு கிழமைக்குத்தான். சிங்கப்பூருக்கு அடிச்சு ஒழுங்கைக் கேட்டுச் சமாளிச்சிடுவன்."

அன்று இரவு சிங்கப்பூருக்கு அடித்தார். தொடரை எடுத்த கம்பனியில் ஆளில்லை. சீனப் புத்தாண்டு, அடுத்த கிழமைதான் கந்தோர் திறக்கும் என்று மூன்று மொழியில் ஒரு மெஷின் சொன்னது. பக்ஸ் மெஷினில் ஒரு கடிதம் அனுப்பினார். அது யாருமில்லாத அறையில் போய் விழுந்திருக்கும்.

இதற்கிடையில் புவனேஸ்வரி அன்ரி கிழக்கே அஜக்ஸிலிருந்து மேற்கே மிசிசாகா வரை போனில் பேசி முடித்திருந்தார். திங்கட்கிழமை இரத்தினவேல் வேலைக்குப் போக, பக்டரியில் ஒரு தமிழ்ப் பெடியன், "அண்ணை, தங்கச்சிக்குப் பேர் என்ன?" என்று கேட்டான்.

"நளினி," என்றார் இரத்தினவேல். வாயைத் திறந்தால் பொய் தானாக வந்து விழுகிற நிலைக்கு வந்துவிட்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை தட்சிணாமூர்த்தி அழைத்தார். 'கதம்பத்தின்' பெரிய விளம்பரதாரர், சாறிக்கடை முதலாளி.

"இரத்தினம், நீர் லேசான ஆளில்லை! சனம் கடைக்குள்ள வந்து நளினியைப் பற்றித்தான் கதைக்குது. நான் ஒரு வேலை செய்திட்டன். 'மாலினி நளினி சாறி'. ஒரே நிறம், ஒரே கரை. ஒண்டு எடுத்தால் மற்றது அரை விலை. ரெண்டாயிரம் நோட்டீஸ் அடிச்சாச்சு."

"அண்ணை, கொஞ்சம் பொறுத்து..."

"என்னத்துக்குப் பொறுக்கிறது? கார்க் கண்ணாடியளில செருகியும் ஆச்சு."

இனித் தங்கச்சியைக் கொல்லவும் முடியாது, இல்லையென்று சொல்லவும் முடியாது. சனிக்கிழமை இரத்தினவேலும் பேபியும் அகஸ்ரினுடைய கடைப் பின்னறையில் உட்கார்ந்து பத்தாம் பகுதியைப் போட்டுப் பார்த்தார்கள். அதில் புருஷன் ஒன்பது தரம் 'மாலினி' என்றான். சின்ன மகள் நாலு தரம் 'அம்மா' என்றாள்.

"நான் லேபிள் மாத்தேல்லை அண்ணை," என்றான் அகஸ்ரின், அந்தக் கிழமையில் இருபதாவது தடவையாக.

"அதை விடு. சத்தத்தை மட்டும் எடுத்துப்போட்டு வேற சத்தம் வைக்கேலுமே?"

"ஏலும். ஆர் பேசுறது?"

பேசியது இரத்தினவேல். அவருக்கு அன்று தடிமன். சிங்கப்பூர் நடிகனின் வழவழப்பான குரலுக்கு நடுவில் ஒன்பது இடத்தில் மூக்கடைத்த யாழ்ப்பாணக் குரல் ஒன்று 'நளிடி' என்றது. 'அம்மா' என்ற நாலு இடத்திலும் பேபி 'சித்தி' என்றாள், செய்தி வாசிக்கிற அதே குரலில்.

"அண்ணை, கடைசி 'நளினி'யைக் கொஞ்சம் ஆசையாச் சொல்லுங்கோ," என்றான் அகஸ்ரின். "அவன் சிரிக்கிறான்."

"மச்சாளை என்னெண்டு ஆசையாக் கூப்பிடுறது?"

ஆனாலும் ஆசையாகச் சொன்னார். மூன்று பேரும் சத்தத்தை மட்டுமே கவனித்துக்கொண்டிருந்ததால், படத்தில் என்ன நடக்கிறது என்று யோசிக்கவில்லை.

ஞாயிறு பதினொன்று இருபத்தைந்துக்கு ரொறொன்ரோத் தமிழரெல்லாம் அதைப் பார்த்தார்கள். புருஷன் 'நளிடி' என்று ஆசையாக அழைத்தான். அவள் வந்தாள். அவளைக் கட்டிப்பிடித்து, நெற்றியில் முத்தமிட்டு, அறை விளக்கை அணைத்தான்.

ரெலிபோன் அடித்தது.

"தம்பி!" புவனேஸ்வரி அன்ரியின் குரல் நடுங்கியது. "பெண்சாதி செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடியேல்லை. மச்சாளைக் கட்டிப்பிடிச்சு லைற்றை நூக்கிறான்! பிள்ளையள் பாக்கிற நேரத்தில உதென்ன நாடகம்?"

"அன்ரி, அது ஆறுதல் சொல்லுறான்..."

"இருட்டுக்குள்ளயோ?"

அதற்குப் பிறகு வந்த அழைப்புகளைப் பேபி எண்ணினாள். முப்பதோடு விட்டுவிட்டு வயரைக் கழற்றினாள். வயரைக் கழற்றியதும் சனம் சானலுக்கே அடிக்கத் தொடங்கிவிட்டது.

திங்கட்கிழமை மத்தியானம் சானலின் மனேஜர், ஒரு வெள்ளைக்காரர், பக்டரிக்கே போன் எடுத்தார். ஒரு பெண் செத்துவிட்டாள் என்று பாதிப்பேர் சொல்கிறார்கள், அவளுடைய தங்கை கெட்டுவிட்டாள் என்று மீதிப்பேர் சொல்கிறார்கள், நான் பொலிசைக் கூப்பிடவேண்டுமா என்று கேட்டார். நாடகம் என்று இரத்தினவேல் விளக்கினார். அப்படியென்றால், அனுப்பியதை அனுப்பியபடியே காட்டினீர்கள் என்று சிங்கப்பூர்க் கம்பனியிடமிருந்து ஒரு கடிதம் கொண்டு வாருங்கள், கடிதம் வந்தால் அடுத்த ஞாயிறு 'கதம்பம்', இல்லாவிட்டால் அந்த அரை மணித்தியாலம் வேறு ஆட்களுக்கு என்றார்.

மூன்று மணிக்குத் தட்சிணாமூர்த்தி. "இரத்தினம், சாறியைத் திருப்பிக் கொண்டு வருகினம். 'அந்தக் கேடுகெட்டவளின்ர சாறி எங்களுக்கு வேண்டாம்' எண்டு மேசையில எறியினம். மாலினிதான் எல்லாருக்கும் வேணுமாம். ரெண்டும் ஒரே சாறி எண்டு சொன்னால் கேக்கினமில்லை!"

வீட்டுக்கு வந்த இரத்தினவேல் சாப்பிடவில்லை. பேபி அவருக்கு முன்னால் ரெலிபோனைத் தூக்கி வைத்தாள்.

"உண்மையைச் சொல்லுங்கோ. உரிமை போனால் போகட்டும். உங்களுக்குப் பதிலாப் பொய் சொல்லிச் சொல்லி என்ர வாயும் உளையுது. நேற்று கோயிலில ஒருத்தி, நளினிக்கு எத்தினை வயது எண்டு கேட்டாள். முப்பத்திரண்டு எண்டன். நாடகத்தில மாலினிக்கு முப்பத்தஞ்சு. இரட்டைப் பிள்ளைக்குத் தனியா ஒரு வயது!"

எட்டு மணிக்கு, சிங்கப்பூரில் விடிந்து கந்தோர் திறக்கும் நேரம் பார்த்து, இரத்தினவேல் எண்களை அழுத்தினார். ஏனோ எழுந்து நின்றுகொண்டார். பேபி ரிசீவரின் மறுபக்கம் காதை வைத்தாள்.

"வணக்கம், உரிமைப் பிரிவு, அபர்ணா பேசுறேன்," என்றது ஒரு பெண்குரல்.

"பிள்ளை, நான் ரொறொன்ரோவில இருந்து இரத்தினவேல். ஒரு பெரிய பிழை விட்டுட்டன். எட்டாம் பகுதியையும் ஒன்பதாம் பகுதியையும் மாத்திப் போட்டிட்டன்."

"ஒரு நிமிஷம் சார்." தாள் புரளும் சத்தம் கேட்டது. "எட்டுல என்ன காட்டுனீங்க?"

"செத்தவீடு."

"ஒன்பதுல?"

"தேத்தண்ணி."

"சரியாத்தானே சார் காட்டியிருக்கீங்க! எட்டுல சாவு, ஒன்பதுல டீ. கதையே அதுதான். இங்கயும் போன வாரம்தான் போச்சு. ஜனங்க மண்டையப் பிச்சுக்கிட்டு இருக்காங்க."

மாறவே மாறாத கசெற்றுக்காக இவ்வளவு பொய். அகஸ்ரின் பாவம். இரத்தினவேல் மெல்ல உட்கார்ந்தார். உரிமை தப்பிவிட்டது, இந்த இடத்தில் நன்றி சொல்லிப் போனை வைத்திருக்கலாம். பேபி அவருடைய தொடையில் கிள்ளினாள்.

"பிள்ளை, இன்னும் ஒண்டு இருக்கு. மாறிப்போச்சு எண்டு நினைச்சுப் பயந்து, நான் சனத்துக்கு ஒரு பொய் சொல்லிப்போட்டன். அவளுக்கு ஒரு இரட்டைத் தங்கச்சி இருக்கிறாள் எண்டு. அது காணாதெண்டு பத்தாம் பகுதியில குரலும் மாத்திப்போட்டன். சானல் கேக்கிற கடிதத்தை நீங்கள் தராட்டிலும் பரவாயில்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

மறுமுனையில் ஒரு கதிரை இழுபட்டது. யாரோ எழுந்து போய்க் கதவைச் சாத்துவது கேட்டது. அபர்ணா திரும்பி வந்தபோது குரல் பாதியாகக் குறைந்திருந்தது.

"சார், செத்தது ரெட்டைத் தங்கச்சிங்கிறது கடைசிப் பகுதி ரகசியம், பிணமாப் படுத்து நடிச்ச பொண்ணுக்கே இன்னும் சொல்லல... உங்களுக்கு யார் சார் சொன்னது?"